தேயிலையில் பிறந்த மருந்து

கடும் இழுப்போடு வாட்டில் சேர்க்கப்படும் குழந்தைக்கு நடப்பது என்ன?

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவுகளில் மோதத் தொடங்கிவிட்டால் கினிகத்தேனைப் பகுதியில் வெயிலைக் காண்பது அரிது. அவிசாவளையிலிருந்து ஹற்றனை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் பெருவழி, கினிகத்தேனையை அடையுமுன்னரே மூடுபனிக்குள் மறைந்துவிடும். அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. இலங்கைத் தீவில் மிகுதியாக நனையும் இடங்களுள் அதுவும் ஒன்று. இந்த மழைதான் தேயிலைக்குத் தளிர் தருகிறது. அதே மழைதான் லயத்துச் சுவரிலே பூஞ்சணத்தைப் படரவிடுகிறது. உலராத கம்பளியிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணிகளைப் பெருக்குகிறது. ஈர விறகைப் புகையவைத்து, ஒற்றைக் காம்பரா முழுவதையும் புகைக்கூடாக ஆக்குகிறது. தொய்வு உள்ள பிள்ளைக்கு இவை மூன்றும் ஆகாதவை.

தொய்வு, முட்டு, இழுப்பு, ஈளை, ஆஸ்துமா எனப் பெயர்கள் பல, நோய் ஒன்றே. மாலையில் வெறும் இருமலாகத் தொடங்குவது நடுநிசியில் இழுப்பாக முற்றி, விடியுமுன் பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும் நிலையில் வந்து நிற்பதுண்டு. தாய் பிள்ளையைக் கம்பளியிற் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ள, தந்தை வாகனம் தேடி ஓடுகிறார். வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் பிள்ளையின் முகத்திலே ஒரு முகமூடி; அதிலிருந்து புகைபோல் எழும் ஆவி; வாயில் ஒரு குளிசை; கையில் ஓர் ஊசி. ஏன், எதற்கு என்று கேட்கப் பெற்றோருக்குத் துணிவு இராது; விளக்கிச் சொல்ல வைத்தியருக்கும் தாதியருக்கும் அவகாசம் இராது. அந்த வாட்டுக்குள் நடப்பதை ஆறுதலாக இருந்து அறிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமையைப் போல வாய்ப்பான நாள் வேறில்லை.

பீலியும் சுவாசக் குழலும்

நோயின் தன்மையை அறிந்தாலன்றி மருந்தின் தன்மை விளங்காது. மலையூற்று நீரைப் பீலி வழியாக இறக்கிக் குளித்தவர்கள் நம்மிற் பலர். பீலியில் பாசி படிந்து வாய் சுருங்கினால் நீர் எவ்வாறு மெலிந்து விழுமோ, அவ்வாறே சுருங்கிய சுவாசக் குழலில் காற்றும் மெலிகிறது. ஒழுங்காக ஓடும் ஒரு குழாயின் உள்ளளவு பாதியாகக் குறைந்தால் தடை இருமடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. பெரியவர்களின் குழல் அகலமானது. குழந்தையின் குழலோ பிறப்பிலேயே நுண்ணியது. சிறு வீக்கங்கூட அதற்குப் பெருந்தடை.

இழுப்பின்போது மூன்று காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. குழலைச் சூழ்ந்துள்ள மெல்லிய தசை இறுகுகிறது. குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. பசைபோன்ற சளி ஊறி வழியை அடைக்கிறது. தசையின் இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்தலாம். வீக்கமும் சளியும் அவ்வளவு விரைவில் வழிக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், வாட்டில் ஏன் ஒரு மருந்தோடு நிறுத்தாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மருந்துகளைக் கொடுக்கிறார்கள் என்பது தானே விளங்கும்.

கடும் இழுப்பின் அடையாளங்கள் சில உண்டு. பிள்ளையால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க இயலாது. கைக்குழந்தையாயின் பால் குடிக்க மறுக்கும். விலா எலும்புகளின் கீழேயும் இடையேயும் தோல் உள்ளிழுக்கப்படும். உதடு நீலம் பாரித்தாலும், பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. இவற்றினும் அஞ்சத்தக்க அடையாளம் மற்றொன்று இருக்கிறது. விடிய விடியக் கேட்ட இழுப்புச் சத்தம் திடீரென நின்றுவிடும். "சத்தம் நின்னுருச்சு, சாமி காப்பாத்திருச்சு" என்று அப்பாயி கும்பிடுவார். ஆனால் பிள்ளை இன்னும் மூச்சுக்குப் போராடிக் களைத்திருக்கச் சத்தம் மட்டும் நிற்குமாயின், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்பதே அதன் பொருள். வைத்தியர்கள் இதனை மௌன மார்பு என்று கூறி அஞ்சுவர்.

முகமூடியில் எழும் ஆவி

முதலிற் கொடுக்கப்படுவது ஒட்சிசன் என்னும் பிராணவாயு. விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அளவைக் காட்டும். அது நூற்றுக்கு 94க்குக் குறையாமற் காப்பதே நோக்கம். அந்த ஒட்சிசனின் வேகத்திலேயே நெபுலைசர் என்னும் கருவி மருந்து நீரை நுண்திவலையாக்கி முகமூடிக்குள் அனுப்புகிறது. புகைபோலத் தோன்றுவது புகையன்று. சல்பியூட்டமோல் என்னும் மருந்து.

இம்மருந்தின் பிறப்புக்கு முன் ஒரு துயரக் கதை உண்டு. தசையைத் தளர்த்தும் மருந்துகளில் மூத்தது அட்ரினலின். 1903ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அதனை ஊசி மூலம் இழுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் அதன் உறவினமான ஐசோபிரனலின் வந்து, கையடக்கமான பம்ப் வடிவிலே பரவியது. 1960களில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் தொய்வால் இறக்கும் இளையோர் தொகை திடீரெனப் பெருகிற்று; பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதுச் சிறுவரும் அவர்களுட் பலர். செறிவு மிகுந்த ஐசோபிரனலின் பம்ப் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்றனர் சிலர். பம்ப் தரும் தற்காலிகச் சுகத்தை நம்பி, நோய் முற்றும்வரை வைத்தியரை நாடாமல் இருந்ததே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். 1967இல் எச்சரிக்கைகள் வெளியான பின் இறப்புக்கள் குறைந்தன.

இதயத்தை இயன்றவரை தொல்லைப்படுத்தாமல் சுவாசக் குழலின் தசையை மட்டும் தளர்த்தும் மருந்தொன்றை டேவிட் ஜாக் என்னும் அறிஞரின் குழுவினர் இங்கிலாந்தில் உருவாக்கினர். 1968இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் விற்பனைக்கு வந்த அம்மருந்தே சல்பியூட்டமோல். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2.5 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 5 மில்லிகிராமும் நெபுலைசரில் இடுவது வழக்கம். கடும் நிலையில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை கொடுப்பர். பிள்ளையின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால் ஏற்படக்கூடியவையே. அவை கண்டு தாய்மார் முகமூடியைக் கழற்றிவிடக்கூடாது. இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறையலாம் என்பதனால் இடையிடையே இரத்தம் எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெபுலைசர் என்றால் உயர்ந்த வைத்தியம், பம்ப் என்றால் தாழ்ந்த வைத்தியம் என்று நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நடுத்தர இழுப்பில், ஸ்பேசர் என்னும் குடுவையைப் பொருத்திப் பம்பை முறையாகக் கொடுத்தால் நெபுலைசருக்குச் சமமான பயன் கிடைப்பது பல ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. உயிருக்கு ஆபத்தான நிலையில்தான் ஒட்சிசனோடு கூடிய நெபுலைசர் இன்றியமையாதது.

சென்னை ஊமத்தை

சல்பியூட்டமோலுடன் அதே முகமூடியில் இன்னொரு மருந்தும் கலக்கப்படுவதுண்டு. அதன் பெயர் ஐப்ரட்ரோபியம். அதன் முன்னோரைத் தேடிப் போனால் நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையில் வந்து நிற்போம்.

ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்தவரும் தாவர ஆராய்ச்சியில் ஈடுபாடு மிக்கவருமான ஜேம்ஸ் அண்டர்சன் இதனைக் கைக்கொண்டார். அவர் வழியாக அறிந்த ஜெனரல் ஜெண்ட் என்பவர் 1802இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுக்கள் தொய்வுக்காரருக்கென்றே விற்கப்பட்டன. ஊமத்தையிலுள்ள அட்ரோப்பின் என்னும் பொருளை இரசாயன முறையில் மாற்றியமைத்து, குருதியில் அதிகம் கலக்காமல் சுவாசக் குழலிலேயே வேலை செய்யுமாறு ஆக்கியதே ஐப்ரட்ரோபியம். இதைப் படித்துவிட்டு எவரும் ஊமத்தை இலையைத் தேடிப் போகவேண்டாம். அதன் அளவு எவருக்கும் பிடிபடாது. பிள்ளைக்குக் காய்ச்சலும் பிதற்றலும் கண்டு உயிருக்கே மோசமாகலாம். வைத்தியசாலையில் 250 மைக்கிரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் காற்பங்கு, அளந்து கொடுக்கப்படுகிறது. முதற் சில மணி நேரத்திலேதான் அதன் பயன் மிகுதி.

நான்கு மணி நேரக் கணக்கு

இதுவரை கூறியவை தசையின் இறுக்கத்தைத் தளர்த்துபவை. வீக்கத்தை வற்றச்செய்வது வேறொரு மருந்தின் வேலை. நமது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி ஊற்றும் ஸ்டீரொயிட் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக கெண்டல், ஹெஞ்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கடும் தொய்வு நோயாளரிடம் கோட்டிசோனைச் சோதித்து 1956இல் முடிவை வெளியிட்டது. இன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பிரட்னிசலோன் அந்த வமிசத்தது. உடல் நிறையில் கிலோகிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் 40 மில்லிகிராமுக்கு மேற்படாமல், மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். பிள்ளை வாந்தி எடுத்தாலோ விழுங்க இயலாமல் இருந்தாலோதான் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி. விழுங்கக்கூடிய பிள்ளைக்கு ஊசியினால் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. "ஊசி போடவில்லையே" என்று குறைப்படும் பெற்றோர் இதனை அறிந்து அமைதி கொள்ளலாம்.

இம்மருந்துக்கு ஒரு குணம் உண்டு. விழுங்கிய உடனே அது வேலை செய்யாது. பயன் தெரிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லும். 1987இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், இழுப்போடு வந்து அனுமதிக்கப்பட்ட சிறுவருட் பாதிப் பேருக்குப் பிரட்னிசலோன் ஒரே ஒரு வேளை கொடுத்தும், மற்றையோருக்கு வெறும் போலிக் குளிசை கொடுத்தும் பார்த்தார்கள். சில மணி நேரத்தின் பின் வீடு செல்லத் தகுதி பெற்றவர்கள் மருந்து பெற்றவர்களிடையே மிகப் பலர். மற்றப் பிரிவில் மிகச் சிலர்.

இந்த நான்கு மணி நேரக் கணக்கைத் தோட்டத்துப் பாதையில் வைத்துப் பாருங்கள். மேற்பிரிவு லயத்திலிருந்து தெருவுக்கு இறங்க எவ்வளவு நேரம்? வாகனம் கிடைக்க எவ்வளவு நேரம்? கினிகத்தேனை வைத்தியசாலையில் முதலுதவி பெற்று, நிலை கடுமையாயின் நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்கோ மாற்றவேண்டி வரலாம். மருந்து வயிற்றுக்குள் போகும் நேரத்திலிருந்துதான் அந்த நான்கு மணி தொடங்கும். பொழுது விடியட்டும், பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வருவோம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் பிள்ளையின் கணக்கிலேயே கழிகிறது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். ஒட்சிசனும் பயிற்சி பெற்ற ஊழியரும் அதில் உண்டு. தெருவரை பிள்ளையைச் சுமந்துவரும் வேலை மட்டும் இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது. அது குறித்துத் தோட்ட நிர்வாகங்களும் அரசும் வெட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

மீண்டும் தேயிலைக்கு

மூன்று முறை நெபுலைசர் கொடுத்தும் பிள்ளை தேறாவிடில் நாளத்தின் வழியே மருந்து ஏற்றவேண்டும். இப்போது பல இடங்களிலும் முன்னிடம் பெறுவது மக்னீசியம் சல்பேட். பேதிக்குக் கொடுக்கும் அதே உப்பின் தூய வடிவந்தான். கிலோகிராமுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை, 2 கிராமுக்கு மேற்படாமல், இருபது நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ஏற்றுவர். அதற்கும் மசியாத இழுப்புக்கு, தீவிர கண்காணிப்பில் வைத்துக் கொடுக்கப்படும் பழைய மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் அமினோபிலின். தியோபிலின் என்பதன் எளிதிற் கரையும் வடிவம் அது.

தியோபிலின் என்ற சொல்லைப் பிரித்தால், தேயிலையைக் குறிக்கும் 'தியா'வும், கிரேக்கத்தில் இலையைக் குறிக்கும் 'பிலோன்' என்பதும் கிடைக்கும். தே, இலை! நாம் தமிழிற் புணர்த்ததைப் போலவே அவர்களும் புணர்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டு இருபத்தொரு ஆண்டுகள் கழிந்து, 1888இல், ஜேர்மனிய அறிஞர் அல்பிரெக்ட் கொசல் பெருந்தொகையான தேயிலைச் சாற்றை வடித்து அதிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். முதலில் அது சிறுநீர் பெருக்கும் மருந்தாகவே பயன்பட்டது. சுவாசக் குழலைத் தளர்த்தும் என்பதை 1922இல் ஹிர்ஷ் என்பவர் எடுத்துக்காட்டினார். 1937இல் கடும் தொய்வுக்கு நாளத்தின் வழியே ஏற்றும் முறை வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, கடும் இழுப்பென்றால் அமினோபிலின் என்றே உலக வைத்தியசாலைகள் இயங்கின.

இந்த மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறுகியது. இரத்தத்தில் லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம்வரை இருந்தால் மருந்து. அதற்கு மேற்போனால் வாந்தி, இதயத் துடிப்பில் தடுமாற்றம், வலிப்பு. 1950களில் அளவு பிசகிக் குழந்தைகள் நஞ்சேறி மாண்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. சல்பியூட்டமோலும் ஸ்டீரொயிட்டும் நிலைபெற்றபின் தேயிலை மருந்து படிப்படியாகப் பின் தள்ளப்பட்டது.

அத்தோடு அதன் கதை முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிறுவர் வைத்தியசாலையில் மற்ற மருந்துகளுக்கு இணங்காத கடும் இழுப்போடு இருந்த 163 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 1998இல் வெளியாயிற்று. அமினோபிலின் பெற்றவர்களில் ஒருவருக்கேனும் தொண்டையிற் குழாய் இடவேண்டி வரவில்லை. பெறாதவர்களில் ஐவருக்கு வேண்டியிருந்தது. வாந்தி மட்டும் மருந்து பெற்றோருக்கு மிகுதி. ஆகவே இன்றும் அது அலுமாரியின் கடைசித் தட்டில் இருக்கிறது. எடுக்கும் கை அனுபவமுள்ளதாகவும், இதயத் துடிப்பைக் காட்டும் கருவி அருகில் உள்ளதாகவும் இருக்கவேண்டும்.

அப்படியானால் இழுப்புக்காரப் பிள்ளைக்குச் சாயத்தண்ணியை இறுக்கமாக ஊற்றிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர் உளர். போதாது. ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள தியோபிலின் மிகச் சொற்பம். மருந்தளவை எட்டுமுன் வயிறு வெடித்துவிடும். தொழிற்சாலைகளில் செய்யப்படும் தியோபிலினும் இப்போது கொழுந்திலிருந்து வருவதில்லை. இரசாயன முறையிலேயே தயாராகிறது.

கொடுக்கப்படாத மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் இழுப்பைத் தூண்டுவது பெரும்பாலும் சாதாரணத் தடிமனை உண்டாக்கும் வைரசுக் கிருமி. அதற்கு அன்டிபயோட்டிக் பயன்படாது. தூக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்கான போராட்டமே தளர்ந்து, ஆபத்து விளையும். இருமல் பாணியாலும் கடும் இழுப்புக்கு நன்மையில்லை.

வைத்தியசாலைக்குப் போகும்போது, வீட்டிலுள்ள மருந்துப் பொட்டலம், குளிசை அட்டை, பம்ப் யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோகவேண்டும். பிள்ளை ஏற்கெனவே தியோபிலின் குளிசை குடித்து வருகிறதென்றால், அமினோபிலினின் ஆரம்பப் பேரளவை வைத்தியர் தவிர்ப்பார். தெரியாமற் கொடுத்தால் நஞ்சாகும். எரித்ரோமைசின் என்னும் அன்டிபயோட்டிக் குடித்திருந்தாலும் தியோபிலின் இரத்தத்தில் உயர்ந்துவிடும். வெள்ளைக் குளிசை, மஞ்சட் குளிசை என்று நிறத்தைச் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்?

வீடு திரும்பும் நாளிற் பிள்ளை ஓடியாடி விளையாடும். பிரட்னிசலோன் இரண்டு நாளுக்கு மிச்சமிருக்கும். விளையாடுகிறதே என்று நிறுத்திவிடாமல் எழுதியபடி முடிக்கவேண்டும். இச்சில நாள் மருந்தினால் பிள்ளை ஊதிப் பெருத்துவிடாது. நாள்தோறும் இழுக்கும் தடுப்பு பம்ப் எழுதிக் கொடுத்திருந்தால், "பழகிவிடும்" என்று அஞ்சி அதனைப் பெட்டிக்குள் பூட்டுவதும் தவறு. அது உட்சுவரின் அழற்சியை அடக்கி அடுத்த இழுப்பைத் தடுக்கும் மருந்து. பழக்கமாவது எதுவும் அதில் இல்லை. ஸ்பேசர் வாங்க வசதியில்லாதோருக்குத் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் ஒரு வழி காட்டினார்கள். 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தலைக் கழுவி உலர்த்தி, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளையிட்டு, இடைவெளியின்றி ஒட்டிவிடவேண்டும். போத்தலின் வாயைப் பிள்ளை உதட்டாற் கவ்விக்கொள்ள, ஒருமுறை அமுக்கி, நான்கைந்து மூச்சு இழுக்கவிட்டு, பின்னரே அடுத்த முறை அமுக்கவேண்டும். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்வதாக அவர்களது ஆய்வு காட்டியது. முதற்போத்தலை வைத்தியசாலைக்கோ தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ கொண்டுபோய், துளை சரிதானா, பிள்ளை இழுக்கும் விதம் சரிதானா என்று ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.